உரிமையும் உத்தரவாதமும்

துருக்கிக்கும் சிரியாவுக்கும் இடையிலுள்ள எல்லையின் ஒரு நீண்ட பகுதி ஒரு புகையிரதப் பாதையாகும். ஜெர்மானிய மூலதனத்தைக் கொண்டு பக்தாத்தை நோக்கி இடப்பட்ட அப்பாதையை, 1921ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அங்காராவிற் கூடிய பிரெஞ்சு அரசின் பிரதிநிதியும் துருக்கியத் தேசியவாதிகளும் இரு நாடுகளுக்கும் எல்லையாக வகுத்தனர். தண்டவாளம் துருக்கியைச் சேர்ந்தது. அதற்குத் தெற்கே கிடந்த நிலம் பிரெஞ்சு ஆணையாட்சிக்குட்பட்ட சிரியாவைச் சேர்ந்தது. பாதையின் இரு மருங்கிலும் வாழ்ந்த குர்திய மக்களை எவரும் ஒரு வார்த்தை கேட்டிலர். அதற்கு முந்திய ஆண்டிலேதான் செவ்ர் உடன்படிக்கை குர்தியருக்குச் சுயாட்சி உண்டென எழுத்திற் பொறித்திருந்தது. 1923ஆம் ஆண்டின் லொசான் உடன்படிக்கையிலோ அந்த வாக்குறுதி அடியோடு மறைந்துபோயிற்று. எல்லைக்கு அப்பாலுள்ள உறவினரைப் பற்றிப் பேசும்போது 'கோட்டுக்கு மேல்' என்றும் 'கோட்டுக்குக் கீழ்' என்றும் சொல்லும் வழக்கம் அன்று தொட்டு அம்மக்களிடையே நிலைத்துவிட்டது.

கோட்டுக்குக் கீழேயுள்ள இந்த நிலப்பரப்பில் 2012 முதல் 2026இன் தொடக்கம் வரையில், உலகின் எந்த அரசும் அங்கீகரியாத ஓர் ஆட்சி நடைபெற்றது. ரோஜாவா என்று அதனை அழைத்தனர். குர்திய மொழியில் அது மேற்குத் திசையைக் குறிக்கும் சொல். அதன் உச்சக் காலத்தில் சிரியாவின் காற்பங்குக்குக் குறையாத நிலம் அவ்வாட்சியின் கீழ் இருந்தது. 2026 ஜனவரியில், சில நாள்களுக்குள்ளேயே, அந்நிலத்திற் பெரும்பகுதி அதன் கையை விட்டுப் போயிற்று. வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதைப் பத்திரிகைகள் எழுதிவிட்டன. நாம் இங்கே ஆராயப் புகுவது வேறொரு வினா. ஒரு சிறு தேசிய இனத்தின் சுயாட்சி உரிமைக்கு உத்தரவாதம் எது? அதனை யாரிடம் ஒப்படைத்து வைப்பது? தன் துப்பாக்கியிடமா, அந்நிய நண்பனிடமா, தலைநகரிலிருந்து வரும் ஆணையிடமா? இம்மூன்றையும் சிரியக் குர்தியர் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்துப் பார்த்துவிட்டனர்.

வினாவின் வேரைக் காண 1962ஆம் ஆண்டுக்குச் செல்லல் வேண்டும். அவ்வாண்டு ஒக்டோபர் 5ஆம் திகதி, ஹசக்கா மாகாணத்தில் மாத்திரம், ஒரே நாளில், ஒரு குடிசன மதிப்பு எடுக்கப்பட்டது. 1945க்கு முன்னரே சிரியாவில் வாழ்ந்தமையைப் பத்திரங் காட்டி நிறுவ இயலாதவர் அந்நியர் என எழுதப்பட்டனர். பத்திரங்களைப் பெட்டியிற் பூட்டி வைத்திருக்கும் வழக்கம் விவசாயிக்கு ஏது? ஏறக்குறைய 120,000 குர்தியர் அந்த ஒரு நாளில் தம் குடியுரிமையை இழந்தனர். அண்ணன் குடிமகனாகவும் தம்பி அந்நியனாகவும் பதியப்பட்ட குடும்பங்கள் உண்டு. நாட்டின் இராணுவத் தலைமைப் பதவியை முன்னர் வகித்த ஒருவரே அந்நியர் பட்டியலிற் சேர்ந்தாரெனில், அக்கணக்கெடுப்பு எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. குடியுரிமைச் சட்டங்கள் எவ்வாறு, யாருக்கு எதிராக இயற்றப்படுகின்றன என்பதை அறிந்த நம் வாசகருக்கு இது புதுமையும் அன்று.

இவ்வாறு விலக்கப்பட்டோரிலும் இரு படிகள் இருந்தன. ஒரு சாரார் பதிவு பெற்ற 'அந்நியர்'. அவர்களுக்கு ஓர் அடையாள அட்டையேனும் கிடைத்தது. மற்றையோர் 'மறைக்கப்பட்டோர்', அரசின் எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் இல்லை. நிலம் வாங்க, அரச உத்தியோகம் பெற, வாக்களிக்க, கடவுச்சீட்டு எடுக்க இரு சாராருக்கும் உரிமையில்லை. இந்நிலை தந்தையிடமிருந்து பிள்ளைக்கு முதுசமாக இறங்கியது. எழுபதுகளில் பாத் கட்சி அரசு இன்னொன்றும் செய்தது. யூப்பிரத்தீஸ் நதியில் தப்கா அணை கட்டப்பட்டபோது நீரில் மூழ்கிய கிராமங்களின் அரபு விவசாயிகளைக் கொணர்ந்து, வடக்கெல்லையோரமாகக் குர்தியரின் நிலங்களிற் குடியேற்றியது. அவ்விவசாயிகளை மக்கள் 'மூழ்கியோர்' என்றே அழைத்தனர். தன் நிலத்தை நீருக்குப் பறிகொடுத்த ஏழை, தன் நிலத்தை அரசுக்குப் பறிகொடுத்த ஏழையின் அயலானானான். இவ்விருவரையும் மோதவிட்டது எது என்பதை ஆராயாது இனப்பகை பற்றிப் பேசுவோர் பாதியை மட்டுமே பேசுகின்றனர்.

2011 மார்ச்சில் சிரியாவெங்கும் மக்கள் வீதியில் இறங்கினர். ஏப்ரல் 7ஆம் திகதி பஷார் அல்-அசாத் ஓர் ஆணையிற் கையொப்பமிட்டுப் பதிவு பெற்ற 'அந்நியருக்கு'க் குடியுரிமை வழங்கினார். அரை நூற்றாண்டாக எத்தனையோ விண்ணப்பங்களுக்கு இணங்காத பேனா, ஆட்சி ஆட்டங்கண்டதும் ஒரே நாளில் இணங்கிற்று. 'மறைக்கப்பட்டோர்' அந்த ஆணையிலும் மறைக்கப்பட்டனர். இந்நிகழ்ச்சியை வாசகர் நினைவில் வைத்திருத்தல் நன்று. பின்னர் இதற்கு மீள்வோம்.

2012 ஜூலை 19ஆம் திகதி கொபானி நகரிலிருந்து அசாத்தின் அதிகாரிகள் வெளியேற, குர்தியரின் மக்கள் பாதுகாப்புப் பிரிவுகள் அந்நகரைப் பொறுப்பேற்றன. அரசு அந்நகருக்கு இட்டிருந்த பெயர் 'அரபுகளின் ஊற்று' என்பதாகும். போர் உண்டாக்கிய வெற்றிடத்தில், தம்மை மனிதராகவே எண்ணாத ஓர் அரசின் இடத்தை, அவ்வரசால் ஒதுக்கப்பட்டோர் எடுத்துக்கொண்டது நியாயமா? நியாயமே என்று தயக்கமின்றிக் கூறுவோம். தன்னைக் குடிமகனென்று ஏற்காத ஒரு நாட்டுக்கு ஒருவன் விசுவாசம் செலுத்தக் கடமைப்பட்டவன் அல்லன். 2014 ஜனவரியில் ஜசீரா, கொபானி, அப்ரின் என மூன்று பிரதேசங்கள் சுயாட்சியைப் பிரகடனஞ் செய்து 'சமூக ஒப்பந்தம்' ஒன்றை வெளியிட்டன. ஒவ்வொரு சபைக்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரு தலைவர். பலதார மணத்துக்குத் தடை. பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்ணின் விவாகத்துக்குத் தடை. குர்திய மொழிக்குப் பாடசாலையில் இடம். நிலப்பிரபுத்துவமும் குலவழக்கும் ஊறிக்கிடந்த ஒரு நாட்டுப்புறத்தில், உள்நாட்டுப் போரின் நடுவே, இவை சட்டமாயின. இதனைச் சிறிதென்று தள்ளுபவர் அந்நாட்டுப்புறத்துப் பெண்ணின் வாழ்வை எண்ணிப் பாராதவரே.

இவ்வாட்சியின் சித்தாந்த மூலவர் அப்துல்லா ஓஜலான். துருக்கியில் 1999 முதல் இம்ராலித் தீவுச் சிறையில் அடைக்கப்பட்ட அவர், அமெரிக்கச் சிந்தனையாளரான மரே புக்சினின் நூல்களைக் கற்று, தனியரசு கோரும் பழைய கொள்கையைக் கைவிட்டார். அரசு என்ற அமைப்பே ஒடுக்குமுறையின் ஊற்று. ஆகவே தேசிய இனங்கள் தத்தமக்கென அரசு தேடாது, கிராம சபைகளாற் பின்னப்பட்ட ஒரு கூட்டமைப்பை நாடவேண்டும் என்பது அவர் வந்தடைந்த முடிபு. சிறையிற் பிறந்த சிந்தனைகளுக்கு ஒரு தூய்மை உண்டு. அவை வரி வசூலித்ததில்லை, ஆளைப் படைக்குப் பிடித்ததில்லை. ரோஜாவாவில் அச்சிந்தனை இவ்விரண்டையும் செய்யவேண்டி நேர்ந்தது. அரசை வெறுத்த தத்துவம், பதினான்கு ஆண்டுக் காலம் படை, சிறை, எண்ணெய்க் கிணறு, எல்லைச் சாவடி ஆகியவற்றை நடத்தியது. இதனைப் பாசாங்கு என்று நாம் கூறோம். ஆயினும் 'நாங்கள் அரசல்லோம்' என்று ஓர் ஆட்சி தன்னைப் பற்றி நம்பும்போது, தன் அதிகாரத்தைக் கணக்குப் பார்க்கும் பழக்கம் அதற்கு ஏற்படுவது கடினமாகிறது. தன்னை அதிகாரமென்று ஒப்புக்கொள்ளும் அதிகாரத்தையே மக்கள் கேள்வி கேட்க முடியும்.

இனி அந்நிய நண்பனைப் பற்றிய விஷயம். 2014 செப்டெம்பரில் 'இஸ்லாமிய அரசு' என்று தன்னை அழைத்துக்கொண்ட இயக்கம் கொபானியைச் சூழ்ந்தது. நகரின் பெரும்பகுதி வீழ்ந்த நிலையில் அமெரிக்க விமானங்கள் முற்றுகையிட்டோர் மீது குண்டு பொழிந்தன. விமானத்திலிருந்து ஆயுதங்களும் இறக்கப்பட்டன. 2015 ஜனவரி இறுதியில் முற்றுகை முறிந்தது. ஏகாதிபத்தியத்தின் விமானங்களை ஏற்ற கணத்திலேயே குர்தியரின் இயக்கம் தன் கற்பை இழந்துவிட்டதென நம்மவரிற் சிலர் எழுதினர். அவர்கள் எழுதிய மேசையிலிருந்து கொபானி வெகுதூரம். கழுத்தளவு வெள்ளத்தில் நிற்பவன் நீட்டிய கையின் சாதியைக் கேளான். கொபானியின் பெண்கள் தம்மை அடிமைச் சந்தையில் விற்கவிருந்த கூட்டத்தோடு பொருதிக்கொண்டிருந்தனர். அந்த உதவியை மறுத்திருக்க வேண்டுமென்று அவர்களுக்குச் சொல்லும் தகுதி நமக்கில்லை.

பழி வேறிடத்தில் உள்ளது. ஆபத்தில் ஏற்ற உதவி வேறு. அதுவே ஆட்சியின் அத்திவாரமாவது வேறு. 2015 ஒக்டோபரில் அமைக்கப்பட்ட சிரிய ஜனநாயகப் படைகள், அமெரிக்காவின் துணையோடு நதியைத் தொடர்ந்து தெற்கே சென்றன. அப்போரில் ஏறத்தாழ 11,000 போராளிகளை இழந்ததாக அப்படையினர் கூறுவர். அவர்கள் சிந்திய இரத்தத்தின் பயனை உலகமெல்லாம் நுகர்ந்தது. அதற்கு அங்கீகாரம் என்ற ஒரு காகிதத்தைத்தானும் எந்த அரசும் தரவில்லை. பிடிபட்ட அந்நியத் தீவிரவாதிகளின் மனைவி மக்களைத் திருப்பியழைக்கவே பல நாடுகள் மறுத்தன. அல்-ஹோல் முகாமில் பல்லாயிரம் பெண்களும் குழந்தைகளும் குற்றச்சாட்டோ விசாரணையோ இன்றி ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தனர். நாகரிக நாடுகள் தம் சட்டத்துக்குப் பொருந்தாத ஒரு பொறுப்பை, தாம் அங்கீகரியாத ஓர் ஆட்சியின் தலையிற் சுமத்திவிட்டுக் கைகழுவிக் கொண்டன.

நண்பனின் நட்பு எத்தகையது என்பது விரைவிலே தெரிந்தது. 2018 ஜனவரியில் துருக்கிப் படை அப்ரினுக்குள் நுழைந்தது. மார்ச் மாதத்தில் நகரம் வீழ்ந்தது. பல்லாயிரம் குடும்பங்கள் ஊரைவிட்டு ஓடின. அமெரிக்கா அசையவில்லை. 2019 ஒக்டோபரில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் எல்லையிலிருந்து தம் படைகளை விலக்கியதும், துருக்கி மீண்டும் தாக்கியது. இரண்டாம் உலகப்போரில் நோர்மண்டிக் கரையிற் குர்தியர் தமக்கு உதவவில்லையே என்று அப்போது அவர் கூறியதை வரலாற்று மாணவர் குறித்து வைத்திருப்பர். 2026 ஜனவரி 20ஆம் திகதி அமெரிக்கத் தூதர் டொம் பராக், பயங்கரவாத எதிர்ப்பில் அப்படைகளுக்கு இருந்த பணி பெரும்பாலும் முடிந்துவிட்டது என அறிவித்தார். இதில் வியப்பதற்கு யாதுமில்லை. 1946இல் மஹாபாத்திற் குர்தியக் குடியரசு எழுந்தது சோவியத் படைகள் ஈரானில் இருந்த காலத்தில். அவை வெளியேறிய சில மாதங்களில் அது வீழ்ந்தது. அதன் தலைவர் காசி முகம்மது அடுத்த ஆண்டு மார்ச்சில் தூக்கிலிடப்பட்டார். 1975 மார்ச்சில் ஈரானின் ஷாவும் ஈராக்கின் சதாமும் அல்ஜியர்ஸில் கைகுலுக்கியதும், ஈராக்கியக் குர்தியரின் எழுச்சிக்கு வந்துகொண்டிருந்த ஈரானிய, அமெரிக்க உதவி ஒரே நாளில் நின்றது. நண்பர் எந்த முகாமைச் சேர்ந்தவராயினும் முடிவு ஒன்றே. மஹாபாத்தைப் பற்றி நம்மிற் பலர் வாய்திறவாமல் இருந்ததையும் இவ்விடத்தில் ஒப்புக்கொள்வது நேர்மை.

ஆனால் அமெரிக்கத் துரோகத்தை மட்டும் பேசி இக்கதையை முடிப்போர், நம் கருத்தில், குர்தியரின் வரலாற்றிலுள்ள அதிமுக்கிய பாடத்தைத் தவறவிடுகின்றனர்.

2017 ஒக்டோபரில் ரக்கா நகரம் மீட்கப்பட்டது. அது அரபு மக்கள் பெரும்பான்மையாக வாழும் நகரம். அந்நகரை மீட்ட போரில் அமெரிக்கக் கூட்டணியின் குண்டுகளுக்கு 1,600க்கு மேற்பட்ட பொதுமக்கள் பலியாயினர் என்று சர்வதேச மன்னிப்புச் சபை பின்னர் கணக்கிட்டது. இடிபாடுகளின் நடுவே, 'இஸ்லாமிய அரசு' ஆள்களின் தலையைக் கொய்து காட்சிக்கு வைத்த அந்தச் சதுக்கத்தில், வெற்றி விழாவன்று ஒரு பிரமாண்டமான உருவப்படம் தொங்கவிடப்பட்டது. அது ஓஜலானின் படம். அப்படத்தைத் தூக்கிய பெண் போராளிகளின் உள்ளத்தை நாம் அறிவோம். தோழியரைப் புதைத்துவிட்டு வந்தவர் அவர்கள். ஆயினும் அச்சதுக்கத்தின் ஓரத்தில், வீடிழந்து, பிள்ளையிழந்து நின்ற ரக்காவாசியின் இடத்தில் ஒரு கணம் நம்மை நிறுத்திப் பார்ப்போம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அசாத் குடும்பத்தாரின் படங்களைக் கண்டவன் அவன். பின்னர் கறுப்புக் கொடியைக் கண்டான். இப்போது தன் மொழி பேசாத, தன் நாட்டவர் அல்லாத வேறொரு தலைவரின் படம். இவர்களும் ஆள வந்தவரே என்று அவன் எண்ணியிருந்தால் அவன் பிற்போக்குவாதியா?

ரக்காவுக்கும் தெய்ர் எஸ்ஸோருக்கும் சபைகள் அமைக்கப்பட்டன. அவற்றில் அரபு மக்களே அங்கத்தவர். ஆணும் பெண்ணுமாக இரு தலைவர் என்ற விதியும் இருந்தது. படையிற் சேர்ந்தோரிற் கணிசமானோர், பின்னாளிற் பெரும்பாலோர், அரபு இளைஞரே. காகிதத்தில் யாவும் செம்மையாயிருந்தன. எனினும் முடிவெடுத்தவர் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் இருந்த இயக்க ஊழியர் என்பதே அப்பகுதி மக்களின் ஓயாத முறைப்பாடாக இருந்தது. சிரியாவின் மிகப் பெரிய எண்ணெய் வயலான அல்-ஓமர், தெய்ர் எஸ்ஸோரின் நிலத்திலே உள்ளது. அதன் வருமானம் எங்கே போயிற்று என்று அந்நிலத்து மக்கள் கேட்டனர். இளைஞரைக் கட்டாயமாகப் படையிற் சேர்க்கும் விதிக்கு எதிராக 2021இல் மன்பிஜ் நகரம் கிளர்ந்தது. 2023 ஆகஸ்டு இறுதியில், தெய்ர் எஸ்ஸோரின் அரபுப் படைத்தலைவர் ஒருவர் கைதுசெய்யப்பட்டதையடுத்துக் குலங்கள் ஆயுதமேந்தின. அந்தத் தலைவர் உத்தமர் அல்லர் என்பது ஊரறிந்தது. ஆனால் அவ்வெழுச்சி அவர் பொருட்டு மட்டும் எழவில்லை.

நிலப்பிரபுத்துவத்தை எதிர்த்த இயக்கம் யூப்பிரத்தீஸ் கரையிற் கால்வைத்ததும், குலத்தலைவர்களையே நாடியது என்பது நம்மை மிகவும் வருத்துகிறது. ஏழை விவசாயியைத் தேடிச் சென்று, அவனுக்கு நிலத்திலும் எண்ணெயிலும் உள்ள பங்கை அவன் கையிற் கொடுத்துத் தோழனாக்குவது நெடுங்காலம் பிடிக்கும் வேலை. ஷேக்கின் கூடாரத்தில் அமர்ந்து கோப்பி அருந்தி, அவருடைய ஆள்களைப் படைக்குப் பெறுவது ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலை. போர் அவசரத்தில் இரண்டாவது வழி தெரிவுசெய்யப்பட்டது. ஷேக்கோ காற்றின் திசையை அறிபவர். 2026 ஜனவரி நடுப்பகுதியில் டமாஸ்கஸின் படை நதியை நோக்கி நகர்ந்தபோது, குலங்கள் மறுபுறம் சாய்ந்தன. பல்லாண்டுப் போரில் வென்ற ரக்காவும் தெய்ர் எஸ்ஸோரும் ஓரிரு நாளில் கைமாறின. ஓர் ஆட்சி தன் குடிகளிடம் எத்தகைய சம்மதத்தைப் பெற்றிருந்தது என்பது அது வீழும் வேகத்திலே தெரிகிறது. ஹசக்கா மாகாணத்தின் குர்தியப் பகுதிகளும் கொபானியும் அவ்வாறு சாயவில்லை என்பதையும் உடன் எண்ணுக.

இதற்குச் சமாதானம் கூறுவோர் உளர். அங்கீகாரமற்ற ஆட்சி, துருக்கியின் குண்டுகள் மின்னிலையங்களைத் தகர்த்த காலம், இரவுதோறும் பதுங்கித் தாக்கும் பகைவர், இந்நிலையில் ஜனநாயகத்தின் எல்லா விதிகளையும் எப்படிப் பேணுவது? இதில் உண்மை உண்டு. 2024 ஜூனில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல், துருக்கியின் மிரட்டலாலும் அமெரிக்காவின் அதிருப்தியாலும் ஒத்திவைக்கப்பட்டதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மாற்றுக் கருத்துடைய குர்தியக் கட்சிகளின் காரியாலயங்களை மூடியதற்கும் துருக்கியா காரணம்? 2015இல் சில அரபுக் கிராமங்களின் வீடுகள் இடிக்கப்பட்டதை மன்னிப்புச் சபை பதிவுசெய்தபோது, படையினர் அதனை மறுத்தனர். ஒதுக்கப்பட்டோர் என்ற ஒரே காரணத்தால் ஒருவர் நீதிமான் ஆகிவிடுவதில்லை. தன் சுயநிர்ணய உரிமையைக் கோரும் இனம், அந்தக் கோரிக்கையின் அளவுகோலாலேயே தானும் அளக்கப்படும். ஹசக்காவில் நமக்கு நியாயமாயிருப்பது ரக்காவில் அரபுக்கும் நியாயமே.

மறுபுறத்தை நோக்குவோம். 2024 டிசெம்பர் 8ஆம் திகதி அசாத்தின் ஆட்சி வீழ்ந்தது. 2025 மார்ச் 10ஆம் திகதி இடைக்கால ஜனாதிபதி அஹ்மத் அல்-ஷராவும் படைத்தளபதி மஸ்லூம் அப்தியும் ஓர் உடன்பாட்டில் ஒப்பமிட்டனர். ஆண்டு முடிவுக்குள் குர்தியரின் ஆட்சியும் படையும் அரசோடு இணைக்கப்படும் என்பது அதன் சாரம். மூன்று நாள் கழித்து வெளிவந்த அரசியலமைப்புப் பிரகடனம், 'சிரிய அரபுக் குடியரசு' என்ற பெயரை அப்படியே வைத்துக்கொண்டது. அதே வாரங்களில் கடற்கரைப் பகுதியில் அலவி மக்கள் நூற்றுக்கணக்கிற் கொல்லப்பட்டனர். கொன்றோரில் அரசுச் சார்பான ஆயுதக்குழுவினரும் இருந்தனர். ஜூலையில் ஸ்வைதாவில் துரூஸ் மக்கள் மீது இரத்தம் சிந்தப்பட்டது. இவற்றைக் கண்ட ஒருவனிடம், 'ஆயுதத்தை முதலிற் கொடு, உத்தரவாதத்தைப் பின்னர் பேசுவோம்' என்றால் அவன் தயங்குவது இயல்பு. 'ஒரே நாடு, ஒரே படை' என்ற முழக்கம் பலருக்கு இனிமையாக ஒலிக்கிறது. ஆனால் ஐக்கியம் என்பது தன்னளவிலே ஓர் அறம் அன்று. யாருடைய நாடு, யாரைக் காக்கும் படை என்ற வினாவுக்கு விடை கிடைத்த பின்னரே அது அறமா அன்றா எனத் தீர்மானிக்கலாம்.

இப்போது அந்தப் பேனாவிடம் மீள்வோம். 2026 ஜனவரி 16ஆம் திகதி, அரசின் படைகள் யூப்பிரத்தீஸை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த அதே நாள்களில், அல்-ஷரா ஓர் ஆணை பிறப்பித்தார். குர்தியர் சிரிய மக்களின் பிரிக்கவொண்ணாத அங்கம், அவர்களின் மொழி ஒரு தேசிய மொழி, நவ்ரோஸ் விடுமுறை நாள், 1962ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின் விளைவுகள் யாவும் நீக்கப்படுகின்றன, 'மறைக்கப்பட்டோரும்' குடிமக்களாவர். அறுபத்து நான்காம் ஆண்டில் அந்த அநீதி எழுத்தில் ஒழிந்தது. இதனை வரவேற்கத் தயங்குபவன் கல்நெஞ்சன். எத்தனை முதியவர் தம் பெயரை ஒரு பதிவேட்டிற் காணாமலே மண்ணுக்குள் போயினர்!

ஆனால் 2011இல் தரப்பட்டதும் ஆணை, 2026இல் தரப்பட்டதும் ஆணை. முன்னது ஆட்சி நடுங்கியபோது வந்தது. பின்னது ஆட்சி வென்றுகொண்டிருந்தபோது வந்தது. இரண்டும் ஒருவரின் கையொப்பத்தில் தொங்குவன. நன்றி கூறிப் பெறவேண்டிய ஒன்று கொடையாகலாம், உரிமையாகாது. ஈராக்கில் 1970 மார்ச் 11ஆம் திகதி உடன்பாடு இதைவிட அதிகம் தந்தது: சுயாட்சி, குர்திய மொழிக்கு உத்தியோக அந்தஸ்து, ஆட்சியிற் பங்கு. நான்கே ஆண்டுகளில் போர் மூண்டது. 1988இல் ஹலப்ஜாவின் மீது நச்சு வாயு இறங்கியது. இதனாலேயே குர்தியர் ஆணையை அரசியலமைப்பின் சரத்தாக்கும்படி கேட்கின்றனர். அக்கோரிக்கை நியாயமானது. அது போதுமா என்பது வேறு. சரத்தைக் காக்கவும் மக்கள் வேண்டும். அம்மக்களிற் பெரும்பாலோர் அரபுக்கள்.

2026 ஜனவரி 30ஆம் திகதி உடன்பாடு, குர்தியரின் படையை ஹசக்காவில் ஒரு டிவிஷனாகவும் கொபானியில் ஒரு பிரிகேடாகவும் அரசின் இராணுவத்திற் சேர்க்க வழிசெய்தது. அவர்களின் நிருவாக ஊழியரும் அரசின் சேவைக்குள் வருவர் என்று கூறிற்று. பலர் இதனைச் சரணாகதி என்றனர். சிலர் மிஞ்சியதைக் காத்த சாமர்த்தியம் என்றனர். நிலப்படத்தை வைத்துக்கொண்டு இவ்வழக்கைத் தீர்க்க இயலாது. படத்தில் இழந்தது ரக்காவும் தெய்ர் எஸ்ஸோரும். அவை உண்மையில் ஒருபோதும் வென்றெடுக்கப்படவில்லை. மண்ணில் எஞ்சியவை வேறு. பன்னிரண்டு ஆண்டுகளாகத் தலைவியின் ஒப்பமின்றி எந்தச் சபையின் தீர்மானமும் செல்லாது என்று பழகிய ஊர்கள் உள. இரண்டாந் தாரம் கட்டுவது குற்றமென்று கேட்டு வளர்ந்த பெண்கள் உளர். துப்பாக்கி பிடித்த மகளின் சொல்லைத் தந்தை கேட்கவேண்டி வந்த வீடுகள் உள. இப்பழக்கங்கள் ஒரு படையின் நிழலிலேதான் வளர்ந்தன. அந்நிழல் நீங்கிய பின்னும் அவை நிற்குமா என்பதே இனிமேல் உண்மையான சோதனை. ரக்காவின் பெண்ணுக்கு அவை திணிக்கப்பட்ட வழக்கமாகத் தோன்றினவா, தன் உடைமையாகத் தோன்றினவா என்பதையும் அதே சோதனை காட்டும்.

ஆசிரியரும் மாணவருமான நம் வாசகர் இன்னொன்றை உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும். பாத் ஆட்சியில் குர்திய மொழிக்குப் பாடசாலையின் வாயிற்படியைத் தாண்ட அனுமதியில்லை. சுயாட்சி நிலவிய ஆண்டுகளில் ஒரு தலைமுறை முழுவதும் அந்த மொழியிலேயே கணிதமும் விஞ்ஞானமும் பூமிசாத்திரமும் கற்றது. அப்பிள்ளைகள் பெற்ற சான்றிதழை அப்பிரதேசத்துக்கு வெளியே எந்த அரசும் ஏற்கவில்லை. அதையறிந்த பெற்றோரிற் சிலர் மக்களை அரசின் அரபுப் பாடசாலைக்கு அனுப்பினர். தாய்மொழிப்பற்றுக் குறைந்தவர் என்று அவர்களை ஏசுவது எளிது. பல்கலைக்கழகத்தின் கதவு எந்த மொழியில் திறக்கிறதென்று அவர்கள் பார்த்தனர். 2026 ஜனவரி ஆணை, குர்தியர் குறிப்பிடத்தக்க தொகையினராக வாழும் பகுதிகளிற் பாடசாலைகளில் அம்மொழியைக் கற்பிக்கலாம் என்கிறது. ஆனால் விருப்பப் பாடமாக, அல்லது ஒரு பண்பாட்டு நடவடிக்கையாக. ஒரு மொழியைக் கற்பிப்பது ஒன்று. ஒரு மொழியிற் கற்பிப்பது மற்றொன்று. பூமிசாத்திர பாடத்தில் அந்தப் புகையிரதப் பாதையைப் படத்திற் காட்டும் ஆசிரியை, அதற்கு மேலும் கீழும் யார் வாழ்கின்றனர் என்பதை எந்த மொழியிற் சொல்லவேண்டும் என்பது ஹசக்காவின் வகுப்பறைகளிலும் டமாஸ்கஸின் கல்வி அமைச்சிலும் ஒருங்கே தீர்க்கப்படவேண்டிய விஷயமாகிறது. அதே வகுப்பின் பின்வரிசையில், 'மூழ்கியோரின்' பேரப்பிள்ளைகளும் இருக்கின்றனர்.